மஞ்சள் ஊசி

போன வாரம் லாவண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு திருப்பதியில் எங்கள் அல்ட்ராசவுண்ட் அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவள்தான்.

"அக்கா, நானோ குமிழி வெச்சி வைத்தியம் பண்ற ஆராய்ச்சி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க. புதுப் பசங்க வந்து கீதுங்க. நான் சொன்னா காதுல வாங்காம போனையே நோண்டிகினு கீதுங்க. நீ ஒரு நாளு வந்து பேசுக்கா."

"நான் வந்து இன்னாடி பேசறது? ஊசி கலர சொல்லிக் குடு, அது போதும்" என்றேன்.

சரிக்கா என்று அவள் போனை வைத்துவிட்டாள். வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது, வேண்டுமென்றேதான் சொன்னேன். எனக்கு வாய் நீளம் என்று வேலை பார்த்த காலம் முழுக்கப் பெயர். ஆனால் போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதிக் கொடுக்கிறேன், அவளே அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

நான் சித்தூருக்குத் தெற்கே எல்லையோரக் கிராமத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நர்ஸ் படிப்பு சித்தூரில். பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், தீக்காய வார்டு என்று எல்லா இடத்திலும் நின்று கால் வீங்கியபின் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் போட்டார்கள். உட்கார நாற்காலி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே குறைவு.

காரணம் மேடம். ஸ்கேன் டாக்டர். தெலுங்கு தவிர வேறு பாஷை பேசமாட்டார், தமிழ் முழுக்கப் புரியும். சாப்பாட்டு டப்பாவைத் தவிர அவர் கையில் எதுவும் ஆடி நான் பார்த்ததில்லை; டப்பாவைத் திறக்கும்போது மட்டும் பசியில் கை நடுங்கும், அவ்வளவு நேரம் கழித்துத்தான் சாப்பிடுவார். ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்துச் சூடாக்காமல் நோயாளி வயிற்றில் தடவினால் அன்றைக்கு நான் தீர்ந்தேன். நோயாளியிடம் "மூச்சை அடக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் அடக்கிக்கொள்வார். தனக்கு முட்டினால் நோயாளிக்கும் முட்டும் என்று உடனே "விடுங்க" என்பார். எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டேன், "அடக்குங்க" என்று சொல்லிவிட்டு மறந்து போகிறவர்கள்தான் அதிகம்.

அவரிடம் ஒரு குணம் எனக்குப் பிடிக்காது. எதற்கும் காரணம் சொல்லமாட்டார். செய் என்றால் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்டால் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை, அவ்வளவுதான்.

குமிழி விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண ஸ்கேனில் கட்டி இருப்பது தெரியும், அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அதற்குத்தான் குமிழி. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள், மேலே மெல்லிய தோல். பார்க்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கும். நரம்பில் ஏற்றினால் ரத்தத்தோடு ஓடும். ஒலி பட்டதும் திரையில் மினுக்கும். எங்கே ரத்தம் ஓடுகிறதோ அங்கே வெளிச்சம். கல்லீரல் புற்றுநோய்க் கட்டி ரத்தத்தை அள்ளிக் குடிக்கிற ஜாதி. அதனால் சுற்றியிருக்கிற ஈரலை முந்திக்கொண்டு கட்டிதான் முதலில் பளிச்சென்று எரியும். கொஞ்ச நேரத்தில் கட்டி மங்கிவிடும், ஈரல் வெளிச்சமாகும். எரிந்து மங்கினால் கட்டி உயிரோடு இருக்கிறது. எரியாமல் கருப்பாகவே கிடந்தால் செத்தது. இது ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மீதி நான் சொல்லப்போவது எல்லாம் விளங்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் இன்னும் சின்னக் குமிழி வந்தது, நானோ என்றார்கள். பெரிய குமிழி ரத்தக்குழாய்க்குள்ளேயே சுற்றும். இது குழாய்ச் சுவரில் இருக்கிற இடுக்கு வழியாகக் கட்டிக்குள்ளேயே நுழையும். நுழைந்தபின் வெளியே இருந்து ஒலியைக் கூட்டி அங்கேயே உடைத்தால், கூடவே ஏற்றுகிற புற்றுநோய் மருந்து கட்டிக்குள் இறங்கும் என்பது ஆராய்ச்சி. சம்மதப் பத்திரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி, சம்மதித்தவர்களுக்கு மட்டும் செய்தோம்.

அந்தக் குமிழியைக் கையாள மேடம் வைத்த சட்டம் இது. குலுக்காதே, உள்ளங்கையில் வைத்து உருட்டு. உருட்டியபின் சும்மா வைக்காதே, உடனே ஏற்று. அழுத்தித் தள்ளாதே. முழங்கை மடிப்பில் பெரிய நரம்பில் பிங்க் ஊசி போடு, அதைவிடச் சின்னது கூடாது. மஞ்சள் ஊசி, அதாவது பச்சைக்குழந்தைகளுக்குப் போடுகிற மெல்லிய ஊசி, இந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. ஏன் என்று எங்களிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தேன்.

முனிரத்தினத்தைப் பாகாலா பக்கத்திலிருந்து அனுப்பினார்கள். மாங்காய் சீசனில் தோப்புகளிலிருந்து சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி ஓட்டுகிறவர். எப்போதோ வந்த மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, ஈரலில் கட்டியாகி நின்றது. கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லிவிட்டார்: கட்டி செத்துச் சுருங்கிக் குழாயை விட்டு விலகினால் அறுத்து எடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கத்தியே வைக்க முடியாது. முனிரத்தினத்துக்கு இருந்த ஒரே வழி அந்த ஆபரேஷன். அதற்காகத்தான் எங்கள் குமிழிக்கு ஒத்துக்கொண்டார்.

முதல் நாளே மேடத்திடம் தகராறு. திரையை நோயாளி பக்கம் திருப்புவது மேடத்துக்கு ஆகாது. இவர் படுக்கமாட்டேன் என்றார்.

"ரோடு தெரியாம நான் வண்டியில ஒக்கார்றதில்ல மேடம். திருப்பி வைங்க, நானும் பாக்கறேன்."

மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். இவர் அசையவில்லை. எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம், கடைசியில் ஒருத்தன் கிடைத்தானே என்று. மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், திருப்பினேன். எரிந்தால் என்ன, கருத்தால் என்ன என்று எல்லாம் அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு முறை வந்து போவதற்குள் திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

"உடைஞ்ச காத்து எங்க போவுது சிஸ்டரு?"

"மூச்சுல வெளிய போயிடும்."

மறுநிமிஷம் என் முகத்துக்கு நேரே ஊதினார். "இந்தா, உங்க மருந்த நீங்களே வெச்சிக்கோங்க."

குமிழியோடு ஏற்றுகிற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்து ஏற ஏற அவருக்குத் தலைமுடி கொட்டிப் போனது. மற்ற ஊரில் என்றால் மொட்டைத் தலை நோயைக் காட்டிக் கொடுக்கும். திருப்பதியில் அந்தக் கவலை இல்லை. தெருவில் பாதிப் பேர் மொட்டை. மலைக்குப் போய் வந்தவன் எவன், மருந்து ஏற்றிக்கொண்டவன் எவன் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் "தரிசனம் ஆச்சா?" என்று கேட்டால் நோயாளிகளும் ஆச்சு என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

அவர் மனைவி மங்கம்மா அறைக்குள் வந்ததேயில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல், எப்போது பார்த்தாலும் அதில் பூ. ஆபரேஷனுக்கு டாக்டர் ஒத்துக்கொண்டால் அந்த முடியைப் பெருமாளுக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் அதையும் விடமாட்டார். "என்னுது வேண்டுதல் இல்லாமலே போச்சி. இவளுது பெருமாளு வாயப் பாத்துகினு கீது" என்பார். அவள் "சும்மா கெட" என்று முந்தானையால் தட்டுவாள்.

சிகிச்சை முடிந்து, கட்டி செத்ததா என்று பார்க்கிற ஸ்கேன் நாள் வந்தது. அன்றைக்கு நான் இல்லை. சித்தூரில் என் தங்கை மகள் கல்யாணம். என் இடத்தில் லாவண்யா நின்றாள். புத்தூர்க்காரி, அப்போது வேலைக்குப் புதிது. யாராவது அழுதால் கூடச் சேர்ந்து அழுவாள். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போன புத்தூரில் பிறந்துவிட்டு எலும்பு ஒடிந்தவனைப் பார்த்தால் மயக்கம் போடுகிறாயே என்று அவளைக் கிண்டல் செய்வோம்.

நடந்ததை அவள் வாயாலேயே பிறகு கேட்டேன். முனிரத்தினத்தின் கையில் நரம்பே கிடைக்கவில்லை. மருந்து ஏறி ஏறி எல்லாம் கயிறு மாதிரி கெட்டியாகிவிட்டன. குத்துகிறாள், கிடைக்கவில்லை; மறுபடி குத்துகிறாள், வீங்குகிறது. என்றைக்கும் சிரிக்கிற மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதிருக்கிறார். "போதும்மா, என்ன உட்டுடும்மா" என்று கேட்டிருக்கிறார். லாவண்யாவுக்குத் தாங்கவில்லை. மேடம் உள்ளே வருவதற்குள் குழந்தைகள் வார்டுக்கு ஓடி மஞ்சள் ஊசி ஒன்று வாங்கிவந்து புறங்கையில் போட்டுவிட்டாள். வலிக்கவேயில்லை என்று அவர் அவளுக்குக் கும்பிடு போட்டாராம். ஊசிக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். மேடம் கண்ணில் படவில்லை.

மெல்லிய ஊசியில் மருந்து எளிதில் இறங்காது. அழுத்தித் தள்ளினாள். அந்த அழுத்தத்தில் குமிழியெல்லாம் ஊசியிலேயே நசுங்கிப் போனது. உள்ளே போனது வெறும் தண்ணீர்தான்.

திரையில் கட்டி எரியவில்லை. கருப்பாகக் கிடந்தது.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரேபு மல்லி சேத்தாம்" என்றாராம், நாளைக்கு மறுபடி செய்வோம் என்று. எழுந்து போய்விட்டார். கட்டி மட்டுமல்ல, பெரிய ரத்தக்குழாயும் மங்கலாக இருந்ததைக் கவனித்திருக்கிறார். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு ரத்தக்குழாய் எப்படி மங்கும்? இன்றைக்குப் பார்த்ததை நம்பாதே என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தால்! சொல்லவில்லை. அவர் பழக்கம் அது. இன்றைக்கும் எனக்கு அதில் கோபம்தான்.

கருப்பைப் பார்த்த முனிரத்தினம் "செத்துட்டியாடா" என்று கட்டியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாராம். லாவண்யா சந்தோஷத்தில் வெளியே ஓடி மங்கம்மாவின் கையைப் பிடித்தாள்.

"கட்டி செத்துப் போச்சிக்கா! நாளைக்கி இன்னோர் தபா பாக்கறாங்க, சும்மா ஒரு இதுக்கு. இனிமே ஆபரேசன்தான்!"

நல்ல சேதி காதில் விழுந்தபின் வேண்டுதலைத் தள்ளிப் போடுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. மங்கம்மா அன்றைக்கே மலைக்குப் போகிற அலிபிரிப் படிக்கட்டில் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது முனிரத்தினம் படுக்கையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வா சிஸ்டரு. ரொம்ப நாளு கழிச்சி ருசியா துன்றேன். மங்கா மலைக்கிப் போய் கீறா" என்றார். பிறகு புறங்கையைக் காட்டி, "உன் ஊசி வேணாம். நேத்து அந்தப் பொண்ணு போட்டுச்சே, அதான் ஊசி" என்றார்.

பிளாஸ்திரியைப் பிரித்தேன். மஞ்சள். லாவண்யாவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் ஒன்றும் தெரியாமல் சிரித்தாள். மேடத்திடம் போய் "மஞ்சள் ஊசி" என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். "பிங்க் போடு" என்றார்.

வெந்நீர்ப் பையை முழங்கையில் வைத்து, தடவித் தடவி, ஆழத்தில் ஒரு நரம்பைக் கண்டுபிடித்தேன். ஒரே குத்து. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். குமிழி மருந்தை உள்ளங்கையில் உருட்டினேன். மெதுவாக ஏற்றினேன்.

"மூச்சை அடக்குங்க" என்றார் மேடம். தானும் அடக்கினார்.

முதலில் பெரிய குழாய் மினுக்கியது. அடுத்த நொடி கட்டி எரிந்தது. விளிம்பிலிருந்து நடுவுக்கு, கிளை கிளையாக, முழுசாக. அதற்குப் பக்கத்தில் முன்னால் இல்லாத இன்னொரு புள்ளியும் எரிந்தது. அவ்வளவு பிரகாசமாக ஒரு கட்டியை நான் பார்த்ததேயில்லை. முனிரத்தினம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் படிக்கத் தெரியுமே. லாவண்யா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. மங்கம்மா. மலையிலிருந்து நேராக வருகிறாள். மழித்த தலையில் சந்தனம், கையில் பிரசாதப் பை. வாசலில் இருந்த ஆள் தடுக்கவில்லை. திருப்பதியில் மலைப் பிரசாதத்தோடு வருகிறவளை எந்தக் கதவும் தடுக்காது. அவள் திரையைப் பார்த்தாள். இருட்டு அறையில் அது ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மாடி, எப்பிடி ஜொலிக்கிது!" என்றாள். பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் ஓடியது.

முனிரத்தினம் அவள் தலையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மேடம் "விடுங்க" என்று சொல்லவேயில்லை, முதல் தடவையாக மறந்துவிட்டார். முனிரத்தினமே மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார்:

"கும்பிட்டுக்கோ மங்கா. நல்லா கும்பிட்டுக்கோ."

ஊசி இல்லாத கையை நெஞ்சின் மேல் எடுத்து வைத்து அவரும் ஒற்றைக் கையால் கும்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டி மங்க ஆரம்பித்தது.

"ஏன் அணையுது?" என்றாள்.

"அதுக்கு வேல முடிஞ்சிடுச்சி" என்றார் அவர். "நீ வெளிய போயி ஒக்காரு. நான் வரேன்."

மேடம் அவளைக் காத்திருக்க வைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நோயாளி வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதைவிட ஆச்சரியம், தமிழில் பேசினார், உடைந்த தமிழில்.

"நேத்து பாத்தது தப்பு அம்மா. தப்பு எங்க பக்கம். கட்டி சாகலை. புதுசா இன்னொண்ணு வந்திருக்கு. ஆபரேஷன் முடியாது."

லாவண்யா பெயரைச் சொல்லவில்லை. அப்போதும் சரி, அதற்குப் பிறகு எங்கேயும் சரி. மங்கம்மா மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். "முடி குடுத்துட்டேனே" என்றாள்.

அன்று மாலை ரெண்டு பேரும் பாகாலா பஸ் ஏறினார்கள். நான்தான் ஏற்றிவிட்டேன். ரெண்டு மொட்டைத் தலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பி, வாயெல்லாம் சிரிப்பாக, "ஜோடியா போய் வந்தீங்களா? தரிசனம் நல்லா ஆச்சா?" என்று கேட்டாள். முனிரத்தினம் "திவ்யமா ஆச்சும்மா" என்றார். மங்கம்மா பிரசாதப் பையைப் பிரித்து அந்த அம்மாளுக்கு லட்டு கிள்ளிக் கொடுத்தாள். நான் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதேன்.

மாங்காய் சீசன் மும்முரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

லாவண்யா வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். "போடி, போயி எங்கியாவது ஒக்காந்து அழுதுகினு கெட. அடுத்தவனுக்கு எவ ஊசி போடுவா?" என்று திட்டினேன். மேடம் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எங்களை நிற்க வைத்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏன், எதற்கு என்று முதல் தடவையாக விளக்கினார். முதலில் பெரிய குழாய் எரிகிறதா பார், எரியாவிட்டால் கட்டியைப் பற்றிப் பேசாதே என்றார். நாங்கள் திருப்பிக் கேள்வி கேட்டோம், பதில் சொன்னார். புதிதாக வந்திருக்கிற பசங்களே, நீங்கள் கேளுங்கள். கேட்டால் யாரும் உங்களைக் கடித்துத் தின்றுவிடமாட்டார்கள். அந்த ஆராய்ச்சி நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஓரிருவருக்குக் கட்டி நிஜமாகவே கருத்ததை நானே பார்த்தேன். முனிரத்தினத்துக்குக் கருக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றுச் சித்தூர் வந்த பிறகு ஒரு நாள் மங்கம்மா என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். முடி தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது, பூ இல்லை. காப்பி கொடுத்தேன். ஊர்க் கதை பேசினாள். எழுந்திருக்கும்போது கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கி டிவியில பளபளன்னு வந்துச்சே, நான் கும்பிட்டேனே. அது இன்னாக்கா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது நினைவு வந்தது.

"அதான் கட்டி, மங்கா."

அவள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"எரிஞ்ச உடனே தெரியும்."

"தெரிஞ்சிகினேவா கும்பிடச் சொன்னாரு?"

"ஆமா."

"கூட சேந்து அவரும் கும்பிட்டாரேக்கா" என்றாள் மங்கம்மா.